தேடுபவரின் சொல்லும் நூலகத்தின் சொல்லும்

நூலகப் பட்டியலில் நிகழும் தேடல்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். நூலின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ முன்பே அறிந்த ஒருவர், அந்த நூல் இந்த நூலகத்தில் இருக்கிறதா, எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்ப்பது முதல் வகை. பெயர் எதுவும் தெரியாத ஒருவர், தமக்குத் தேவையான ஒரு பொருளைப் பற்றி இங்கே என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்று கேட்பது இரண்டாவது வகை. இதனை நூலகவியலார் பொருள்வழித் தேடல் என்பர். கணினிப் பட்டியல் வந்தபின் முதல் வகைத் தேடல் மிக எளிதாகிவிட்டது. இரண்டாவது வகையோ, அத்தகைய பட்டியல்கள் பரவலாகி நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரும், சில வேளைகளில் வாசகரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்புகிறது, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான தலைப்புகளுக்கு நடுவே திணறவைக்கிறது. நூலின் பெயரை அறிந்து வருபவருக்கு நூலகத்தின் உதவி சிறிதளவே போதும்; வீட்டில் ஒருவருக்கு வந்த நோயைப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கும், ஆய்வேட்டுக்குத் தலைப்பு மட்டும் கிடைத்து வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறை மாணவருக்கும்தான் அது முழுமையாகத் தேவைப்படுகிறது. ஆகவே பொருள்வழித் தேடலைச் செம்மைப்படுத்துவது, நூலகத்தை அதிகம் நம்பியிருப்பவருக்கு நூலகம் செய்யவேண்டிய முதல் கடமை.

ஒரு பொருள், பல பெயர்கள்

இத்தேடல் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்குத் தமிழிலேயே ஒரு தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. மழைநீரைக் கரைகட்டித் தேக்கி வயலுக்குப் பாய்ச்சும் நீர்நிலையைச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் ஏரி என்பர். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் அதுவே கண்மாய். திருநெல்வேலியிலும் இலங்கையின் வன்னிப் பகுதியிலும் குளம். தாங்கல், ஏந்தல் என்னும் பெயர்கள் ஊர்ப்பெயர்களில் நிலைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதிய பொறியாளர்களும் மாவட்ட ஆட்சியர்களும் இதனை டேங்க் என்று குறித்தனர். இந்த நீர்நிலைகளின் பராமரிப்பைப் பற்றி அறிய விரும்பும் சிவகங்கை மாணவர் ஒருவர், பட்டியலின் தேடல் கட்டத்தில் ‘கண்மாய்’ என்று தட்டச்சு செய்தால், அந்தச் சொல் எழுத்துக்கு எழுத்து இடம்பெற்ற பதிவுகள் மட்டுமே திரையில் வரும். ஏரிப் பாசனம் என்றும் குளத்து நீர்ப் பங்கீடு என்றும் தலைப்பிட்ட நூல்கள் அடுத்த அடுக்கிலேயே இருந்தாலும் வாரா. அதைவிடக் கவலைக்குரியது, அவை வரவில்லை என்பதே அம்மாணவருக்குத் தெரியாமல் போவதுதான். மூன்று நூல்கள் கிடைத்தால் நூலகத்தில் இருப்பவை மூன்றுதான் என்று அவர் எண்ணிக்கொள்வார்.

இது வட்டார வழக்கால் மட்டும் வரும் சிக்கல் என்று கருதுவதற்கில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபர்னஸும் அவருடைய உடன் ஆய்வாளர்கள் மூவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, ஒரே பொருளுக்குத் தாமாக ஒரு பெயர் சொல்லும்படி இருவரைக் கேட்டால், அவ்விருவரும் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கான வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காட்டியது. ஒரு பொருளுக்கு எவ்வளவு பொருத்தமான ஒற்றைப் பெயரைத் தேர்ந்து வைத்தாலும் பெரும்பாலோர் வேறு சொல்லால்தான் அதனை நாடி வருவர் என்பது இதன் பொருள். அந்த ஆய்வாளர்கள் முன்வைத்த தீர்வு, ஒவ்வொரு பொருளுக்கும் மக்கள் வழங்கும் எல்லாப் பெயர்களையும் மாற்றுப்பெயர்களாகச் சேர்த்துவைப்பது. கணினி அமைப்புகளை மனத்தில் வைத்து அவர்கள் சொன்ன இந்த முடிவு, நூலகப் பட்டியலுக்கு அப்படியே பொருந்தும்.

கட்டுப்பாட்டுச் சொல்லின் பிறப்பு

பெயர்கள் பலவாக இருப்பதை நூலகர்கள் கணினிக்கு வெகுகாலம் முன்பே உணர்ந்திருந்தனர். அமெரிக்க நூலகரான சார்லஸ் அம்மி கட்டர் 1876-இல் வெளியிட்ட அகராதிப் பட்டியலுக்கான விதிகளில், ஆசிரியரோ தலைப்போ பொருளோ தெரிந்த ஒருவர் தமக்குரிய நூலைக் கண்டடைய உதவுவதும், ஒரு பொருளைப் பற்றி நூலகத்தில் உள்ளவை அனைத்தையும் காட்டுவதும் பட்டியலின் கடமைகள் என்று வரையறுத்தார். இதற்காக ஒரு பொருளைப் பற்றிய நூல்கள் அனைத்தும், அவற்றின் தலைப்பில் எந்தச் சொல் இருந்தாலும், முன்பே தீர்மானித்த ஒரே பெயரின்கீழ்த் தொகுக்கப்பட்டன. அந்தப் பெயரே பொருள் தலைப்பு. அவ்வாறு தீர்மானித்த பெயர்களின் தொகுதியே கட்டுப்பாட்டுச் சொற்களஞ்சியம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1898-இல் உருவாக்கத் தொடங்கிய பொருள் தலைப்புப் பட்டியல், இன்று உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் களஞ்சியமாக வளர்ந்துள்ளது.

தீர்மானித்த பெயரை வாசகர் அறியமாட்டார் என்பதால், இந்த முறையில் இரண்டு வகையான சுட்டுக் குறிப்புகள் சேர்க்கப்பட்டன. ‘கண்மாய் – ஏரி என்பதைக் காண்க’ என்பது முதல் வகை. பயன்படுத்தப்படாத பெயரிலிருந்து பயன்படுத்தப்படும் பெயருக்கு அது கைப்பிடித்து அழைத்துச் செல்லும். ‘ஏரி – ஊருணி, மதகு, குடிமராமத்து ஆகியவற்றையும் காண்க’ என்பது இரண்டாம் வகை. ஊருணி குடிநீருக்கானது, மதகு ஏரியின் ஓர் உறுப்பு, குடிமராமத்து என்பது ஊரார் கூடிச் செய்யும் பராமரிப்பு. இவை ஏரியின் மறுபெயர்கள் ஆகா, ஆயினும் ஏரியைப் பற்றி அறிய வந்தவருக்கு இவையும் வேண்டியவை. மரப்பெட்டிகளில் அட்டைகளை அடுக்கி வைத்திருந்த காலத்தில், வாசகர் தவறான இடத்தில் கைவைத்தாலும் அங்கே இருந்த சுட்டு அட்டை ஒன்று அவரைச் சரியான பெட்டிக்கு அனுப்பிவிடும்.

ஆனால் இந்த முறைக்குள் ஒரு குறை மறைந்திருந்தது. தீர்மானித்த பெயர்கள் காலத்தால் உறைந்துவிட்டன. சமையல் நூல்களை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ‘குக்கரி’ என்னும் பழைய சொல்லின்கீழ் வைத்திருந்தது. அமெரிக்க மக்கள் அனைவரும் ‘குக்கிங்’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோதும் 2010-இல்தான் அந்தத் தலைப்பு மாற்றப்பட்டது. இந்தியச் சமையல் நூல்களுக்கு ‘குக்கரி, இண்டிக்’ என்பது அதுவரை தலைப்பாக இருந்தது. இந்தியச் சமையல் என்று இயல்பான சொல்வரிசையில் தேடும் ஒருவருக்கு, காற்புள்ளியிட்டுத் திருப்பிப் போட்ட இந்த வடிவமோ, ‘இந்தியன்’ என்பதற்குப் பதிலாக ‘இண்டிக்’ என்ற சொல்லோ தோன்றுவதற்கு வழியே இல்லை. நூலகர் உடனிருந்து எடுத்துச் சொன்னால் மட்டுமே அந்த வாயில் திறக்கும்.

கணினி வந்தபோது

1960-களில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியெட் ஆவ்ரம் தலைமையில் மார்க் என்னும் பதிவு வடிவம் உருவானது. நூலைப் பற்றிய ஒவ்வொரு செய்தியையும் எண்ணிட்ட புலங்களில் பிரித்து எழுதும் இந்த வடிவத்தில், 245 என்ற புலம் நூலின் தலைப்பையும் 650 என்ற புலம் பொருள் தலைப்பையும் தாங்கும். இந்தப் பதிவுகளைக் கொண்டே இணையவழிப் பொதுப்பட்டியல் பிறந்தது. நூலகங்களில் அதனை ஓபேக் என்று சுருக்கமாகச் சொல்வர். அட்டைப் பட்டியலைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் ஆசிரியர், தலைப்பு வழியாகவே தேடுகின்றனர் என்று நூலகர்கள் அதுவரை கருதியிருந்தனர். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நூலக வளங்களுக்கான மன்றம் ஆதரித்த நாடு தழுவிய ஆய்வு இந்தக் கருத்தைப் புரட்டிப்போட்டது: கணினிப் பட்டியலில் நிகழ்ந்த தேடல்களில் பாதிக்கும் மேற்பட்டவை பொருள்வழித் தேடல்களாக இருந்தன. வழி எளிதானதும் மக்கள் தம் உண்மையான கேள்விகளைக் கேட்கத் தொடங்கினர்.

அந்தக் கேள்விகளுக்குப் பட்டியல்கள் தந்த விடையோ போதவில்லை. தொடக்ககால அமைப்புகள் பலவற்றில் சுட்டுக் குறிப்புகள் கணினியில் ஏற்றப்படவே இல்லை. அட்டைப்பெட்டியில் கைகாட்டி நின்ற அந்த அட்டைகள் போனபின், தலைப்பின் வடிவத்தை எழுத்துப் பிசகாமல் அறிந்தவர்க்கே விடை கிடைத்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மெல்வில் பட்டியலில் ஆறு ஆண்டுத் தேடல் பதிவுகளை ஆராய்ந்த ரே லார்சன், பொருள் தலைப்புவழித் தேடல் ஆண்டுதோறும் தேய்ந்துவருவதையும், அதன் இடத்தைத் தலைப்பில் உள்ள சொற்களைக் கொண்டு தேடும் முறை பிடித்துவருவதையும் 1991-இல் காட்டினார். ஒன்றும் கிடைக்காத ஏமாற்றமும், அளவுக்கு மீறிக் கிடைக்கும் திணறலும் சேர்ந்து மக்களை அந்த வாயிலிலிருந்து விரட்டியிருந்தன.

பதிவின் எந்தப் பகுதியில் வந்தாலும் சரி என்று ஒரு சொல்லைத் தேடுவது திறவுச்சொல் தேடல் எனப்படும். இணையத் தேடுபொறிகள் பரவியபின் இதுவே எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டதால், இனிப் பொருள் தலைப்புகள் எதற்கு, அவற்றை இடுவதற்கு ஆகும் உழைப்பையும் செலவையும் மிச்சப்படுத்தலாமே என்ற கேள்வி எழுந்தது. இதற்கு மிக உறுதியான விடையை டீனா கிராஸ், ஆர்லீன் டெய்லர் இருவரும் 2005-இல் அளித்தனர். திறவுச்சொல் தேடலில் கிடைத்த பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தேடிய சொல் எந்தப் புலத்தில் இருக்கிறது என்று அவர்கள் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பதிவுகளில் அந்தச் சொல் பொருள் தலைப்பில் மட்டுமே இருந்தது தெரியவந்தது. பொருள் தலைப்பை நீக்கியிருந்தால் அந்த நூல்கள் தேடலிலிருந்து மறைந்துபோயிருக்கும். உள்ளடக்கப் பட்டியலும் நூற்சுருக்கமும் சேர்த்த பதிவுகளைக் கொண்டு 2015-இல் மீண்டும் சோதித்தபோதும், இழப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேலாகவே இருந்தது. வாசகர் தம் சொந்தச் சொல்லால் தேடி வெற்றி பெறும்போதுகூட, அந்த வெற்றிக்குப் பின்னால் முகம் தெரியாத ஒரு பட்டியலாக்க நூலகரின் உழைப்பு இருக்கிறது என்பதே இந்த ஆய்வுகள் சொல்லும் செய்தி.

செம்மைப்படுத்தும் வழிகள்

ஆகவே கட்டுப்பாட்டுச் சொல்லைக் கைவிடாமல், அதன் சுமையை வாசகரின் தோளிலிருந்து இறக்கிப் பட்டியலின் தோளில் ஏற்றுவதுதான் வழி. இந்த நோக்கில் கடந்த நாற்பது ஆண்டுகளில் மூன்று முயற்சிகள் பெரும் பயன் தந்துள்ளன.

முதலாவது, வாசகரின் சொற்களுக்கென ஒரு நுழைவாயிலை அமைப்பது. நூலகவியல் அறிஞர் மார்சியா பேட்ஸ் 1986-இல் முன்வைத்த வடிவமைப்பில், வாசகர் எந்தச் சொல்லைக் கொண்டுவந்தாலும் அதனை ஏற்று, தொடர்புடைய சொற்களின் வட்டத்தைக் காட்டி, நூலகத்தின் சொல்லுக்குக் கொண்டுசேர்க்கும் பெருஞ்சொல் தொகுதி ஒன்று பட்டியலின் முகப்பில் நிற்கும். மருத்துவ நூலகங்களில் இதன் பயனை நன்கு காணலாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் களஞ்சியத்தில் புற்றுநோய்க்குரிய தலைப்பு ‘நியோபிளாசம்ஸ்’. மாரடைப்புக்குரிய தலைப்பு ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’. எனினும் ‘கேன்சர்’, ‘ஹார்ட் அட்டாக்’ என்னும் மக்கள் வழக்குகள் நுழைவுச் சொற்களாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், மருத்துவச் சொல்லை அறியாதவரும் உரிய கட்டுரைகளை அடைகின்றனர்.

இரண்டாவது, கிடைத்தவற்றைத் தரவரிசைப்படுத்துவது. 1980-களில் லண்டன் மாநகரின் பாலிடெக்னிக் ஒன்றில் உருவான ஒகாபி என்னும் ஆய்வுப் பட்டியல், வாசகர் எழுதிய சொற்கள் அனைத்தும் ஒரே பதிவில் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தவில்லை. மிகுதியாகப் பொருந்துவதை மேலேயும் குறைவாகப் பொருந்துவதைக் கீழேயும் அடுக்கிக் காட்டியது. அரிதாக வரும் சொல்லுக்கு அதிக மதிப்பும் எங்கும் வரும் சொல்லுக்குக் குறைந்த மதிப்பும் கொடுப்பது இதன் அடிப்படை. அந்த ஆய்வு மரபிலிருந்து 1990-களில் வந்த பிஎம்25 என்னும் கணக்கீடு, இன்று உலகெங்கும் பயன்படும் கட்டற்ற தேடல் மென்பொருள்களின் உள்ளே இயங்குகிறது. இன்றைய தேடல் நுட்பத்தின் ஒரு முக்கியக் கிளை நூலகப் பட்டியலைத் திருத்த முனைந்த ஆய்விலிருந்து கிளைத்தது என்பது நூலகவியலார் பெருமை கொள்ளத்தக்க வரலாறு.

மூன்றாவது முயற்சியின் வேர் சென்னையில் இருக்கிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, நூலகவியல் பயில லண்டனுக்குச் சென்றார். அங்கே ஒரு பெரிய அங்காடியில், துளையிட்ட பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு வெவ்வேறு பொம்மைகளைக் கட்டும் மெக்கானோ விளையாட்டுத் தொகுதியைக் கண்டபோது, பொருள் துறைகளையும் இவ்வாறே சிறு கூறுகளிலிருந்து கட்டியெழுப்பலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதன் விளைவே 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. எல்லா அறிவுத் துறைகளையும் முன்கூட்டியே வரிசையாக எழுதிவைக்கும் பழைய முறைகளுக்கு மாறாக, ஒரு நூலின் பொருளை அதன் பக்கங்களாகப் பிரித்து, பின் இணைப்பது இதன் வழி. பட்டை தீட்டிய வைரத்துக்குப் பல முகங்கள் இருப்பதுபோல் ஒவ்வொரு பொருளுக்கும் பல முகங்கள் உண்டு என்னும் இக்கருத்தை ஃபேசட் பகுப்பு என்பர்.

நூலகவியல் மாணவர்கள் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இதனை விளக்கும். நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ் கதிர் மூலம் சிகிச்சையளிப்பது குறித்து 1950-இல் இந்தியாவில் நடந்த ஆய்வு என்பது நூலின் பொருள் என்று கொண்டால், மருத்துவம் என்னும் துறைக்குள் நுரையீரல் ஒரு முகம், காசநோய் ஒரு முகம், சிகிச்சை என்னும் செயல் ஒரு முகம், எக்ஸ் கதிர் ஒரு முகம், ஆய்வு என்பது ஒரு முகம், இந்தியா என்னும் இடமும் 1950 என்னும் காலமும் வேறு இரண்டு முகங்கள். ரங்கநாதன் இத்துடன் நிற்கவில்லை. இந்த முகங்கள் தொடர்ந்து அமையும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் ஓர் அகரவரிசைப் பதிவை உண்டாக்கும் முறையையும் வகுத்தார். காசநோய் என்று வருபவரும், நுரையீரல் என்று வருபவரும், எக்ஸ் கதிர் என்று வருபவரும் தத்தம் வாயில் வழியாக அதே இடத்தை அடையலாம். இந்தச் சங்கிலிமுறைச் சுட்டியை பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் 1950 முதல் இருபது ஆண்டுகள் கையாண்டது.

இந்த வேரிலிருந்து வந்த மூன்றாவது முயற்சி, கிடைத்த விடைகளை முகங்களாகப் பிரித்துக் காட்டுவது. 2006-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக நூலகம், வணிகத் தளங்களில் பயன்பட்டுவந்த எண்டெகா என்னும் மென்பொருளைக் கொண்டு தன் பட்டியலை மாற்றியமைத்தது. வாசகர் தம் சொல்லால் தேடியதும், விடைகளின் ஓரத்தில் பொருள், இடம், காலம், மொழி, நூல்வகை என்னும் முகங்களும் ஒவ்வொன்றிலும் எத்தனை நூல்கள் உள்ளன என்ற எண்ணிக்கையும் தோன்றின. ஒன்றைச் சொடுக்கினால் விடைகள் அந்த அளவுக்குச் சுருங்கின. ஆயிரம் விடைகளில் திணறுபவருக்கு இது பெரும் விடுதலை. இந்த முகங்கள் வானத்திலிருந்து விழவில்லை. பல பத்தாண்டுகளாக நூலகர்கள் 650 புலத்தில் எழுதிவைத்த தலைப்புகளையும் அவற்றின் உட்பிரிவுகளையும் பிரித்தெடுத்தே அவை ஆக்கப்பட்டன. இன்று கைப்பேசியில் சேலை வாங்குபவர் விலை, நிறம், துணிவகை என்று வடிகட்டிப் பார்க்கும் முறைக்குப் பின்னாலும், சென்னை நூலகர் ஒருவர் வகுத்துத் தந்த இந்தச் சிந்தனை முறை இருக்கிறது.

சொல்லும் மதிப்பும்

பொருள் தலைப்பு மனிதரைக் குறிக்கும்போது அது வெறும் கருவியாக இருப்பதில்லை. உரிய ஆவணமின்றிக் குடியேறியவர்களை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ‘இல்லீகல் ஏலியன்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் வைத்திருந்தது. டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 2014-இல் இச்சொல்லை மாற்றக் கோரினர். 2016-இல் நூலகம் மாற்ற முன்வந்தபோது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தனர். நீண்ட இழுபறிக்குப் பின் 2021 நவம்பரில் அந்தத் தலைப்பு கைவிடப்பட்டு, குடிமக்கள் அல்லாதோர் என்றும் சட்டத்துக்குப் புறம்பான குடியேற்றம் என்றும் இரு தலைப்புகள் வந்தன. தம்மைப் பற்றிய நூலைத் தேடும் ஒருவர் தம்மை இழிவுபடுத்தும் சொல்லைத் தட்டச்சு செய்தால்தான் அந்நூல் கிடைக்கும் என்ற நிலை எந்த நூலகத்துக்கும் அழகாகாது. தமிழிலும் ஊனமுற்றோர் என்ற வழக்கு மாற்றுத்திறனாளி என்று மாறியிருக்கிறது. புதிய சொல்லைத் தலைப்பாகக் கொண்டு, பழைய சொல்லை நுழைவுச் சொல்லாக மறைவில் வைத்திருந்தால், இன்றைய சொல்லால் தேடுபவர் நாற்பது ஆண்டுக்கு முந்திய நூலையும் பெறுவார். யாரும் புண்படவும் மாட்டார்.

தமிழ்ப் பட்டியலின் தனிச் சிக்கல்கள்

ஆங்கிலப் பட்டியல்கள் கண்ட வழிகளைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது, மொழியின் இயல்பால் எழும் தடைகளைத் தனியே எதிர்கொள்ள வேண்டும். அவற்றுள் முதன்மையானது சொல்லின் உருமாற்றம். குளம் என்ற சொல் குளங்கள், குளத்து, குளத்தின் என்று மாறும்போது இறுதி மகரம் மறைந்துவிடுகிறது. ஆகவே ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்துப் பாசனம்’ கிடைக்காது. சொல்லின் முற்பகுதியான ‘குள’ என்பதை மட்டும் கொடுத்து, அதில் தொடங்கும் எல்லாவற்றையும் கேட்டால், குளவியும் குளம்பும் சேர்ந்துவரும். அத்துடன் நில்லாமல் குளிரும் குளியலும்கூட வரும். ஏனெனில் யூனிகோடில் ‘ளி’ என்பது தனி எழுத்தாக இல்லாமல், ‘ள’ என்னும் குறியும் அதைத் தொடரும் இகரக் குறியுமாகவே பதிவாகிறது. கண்ணுக்கு வேறாகத் தெரியும் எழுத்து கணினிக்கு வேறாகத் தெரிவதில்லை. இதற்கு எதிரான நிலையும் உண்டு: ‘ஔவையார்’ என்று ஒரே எழுத்தால் தொடங்குவதும், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவையார்’ என்று எழுதுவதும் திரையில் ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றினாலும், கணினிக்கு அவை முற்றிலும் வேறு சொற்கள். பட்டியலாக்குபவர் ஒரு வகையிலும் வாசகர் மறு வகையிலும் எழுதினால், நூலகத்தில் ஔவையாரைப் பற்றி நூலே இல்லை என்று திரை சொல்லிவிடும்.

எழுத்துருக் குழப்பம் இரண்டாவது தடை. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்னும் குறியீட்டையும் தரங்களாக ஏற்பதற்கு முன், தமிழ்ப் பதிவுகள் பல வகைக் குறியீடுகளில் உள்ளிடப்பட்டன. அவ்வாறு உள்ளிட்ட பழைய பதிவுகள் யூனிகோடுக்கு மாற்றப்படாதவரை எந்தத் தேடலிலும் அகப்படா. வெளிநாட்டு நூலகங்களின் நிலை வேறு. பி.எல். 480 என்னும் அமெரிக்கத் திட்டத்தின்கீழ் 1962 முதல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் தமிழ் நூல்களைப் பெருமளவில் வாங்கிச் சேர்த்தன; பின்னர் வந்த கணினிப் பட்டியல்களில் தமிழெழுத்துக்கு இடமில்லாததால் அவை ரோமன் எழுத்தில் பட்டியலிடப்பட்டன. அந்த ஒலிபெயர்ப்பு விதிப்படி சகரத்துக்கு உரியது ஆங்கிலத்தின் ‘சி’ எழுத்து. ழகரத்துக்கு உரியது அடிக்கோடிட்ட ‘எல்’. செல்வன் என்பதை ‘எஸ்’ எழுத்தால் தொடங்கித் தேடும் தமிழர் அங்கே பொன்னியின் செல்வனைக் காணாமல் திரும்பக்கூடும். மூல எழுத்து வடிவத்தைத் தனியே வைப்பதற்கென மார்க் பதிவில் 880 என்ற புலம் உண்டு. அதில் தமிழ்த் தலைப்பைச் சேர்க்கச் சேர்க்க இந்தக் கதவும் திறக்கும்.

மூன்றாவது, கலைச்சொற்களின் பன்மை. ஒரே அறிவுத்துறை நாட்டுப்புறவியல் என்றும் நாட்டார் வழக்காற்றியல் என்றும் இரு பெயர்களால் நூல்களில் வழங்குகிறது. சூழலியல், சூழியல், சுற்றுச்சூழலியல் என்பவற்றின் நிலையும் அதுவே. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் கலைச்சொல்லாக்கம் தனித்தனியே நடந்ததால் இந்தப் பன்மை மேலும் பெருகியிருக்கிறது. இதனைக் குறையாகக் கருதி ஒரே சொல்லைத் திணிக்க வேண்டியதில்லை. எல்லாச் சொற்களையும் ஒரே முடிச்சில் கட்டினால், மொழியின் வளமே தேடலின் வலிமையாக மாறும்.

ஃபின்லாந்து காட்டும் வழி

தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழியான, அதாவது அடிச்சொல்லோடு விகுதிகளைத் தொடர்ந்து சேர்த்துச் சொற்களை ஆக்கும் மொழியான, ஃபின்னிஷ் மொழி பேசும் ஃபின்லாந்து இதில் நல்ல முன்னோடி. அந்நாட்டின் பொதுச் சொற்களஞ்சியத்தில் ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் அடையாள எண் வழங்கப்பட்டு, அந்த எண்ணின்கீழ் ஃபின்னிஷ், ஸ்வீடிஷ், ஆங்கிலப் பெயர்களும் அவற்றின் மாற்றுப்பெயர்களும் இணைக்கப்பட்டுள்ளன. நூலின் பதிவு சொல்லோடு கட்டப்படாமல் கருத்தோடு கட்டப்படுவதால், எந்த மொழியில் எந்தப் பெயரால் தேடினாலும் அதே நூல்களை அடைய முடிகிறது. ஃபின்லாந்து தேசிய நூலகம் உருவாக்கிய அன்னிஃப் என்னும் கட்டற்ற மென்பொருள், முன்பு நூலகர்கள் இட்ட தலைப்புகளிலிருந்து கற்றுக்கொண்டு, புதிய நூலின் சுருக்கத்தைப் படித்து அதற்குரிய தலைப்புகளைப் பரிந்துரைக்கிறது. இயந்திரம் பரிந்துரைப்பதை நூலகர் ஏற்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். எந்த இயந்திரமும் முன்னோர் இட்ட நல்ல தலைப்புகளிலிருந்தே கற்கவேண்டியிருப்பதால், மனிதர் செய்யும் பட்டியலாக்கத்தின் மதிப்பு இதனால் குறைவதில்லை, கூடவே செய்கிறது.

தமிழுக்கும் இதற்கான கருவிகள் இல்லாமல் இல்லை. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக உருவாகி 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கோஹா என்னும் கட்டற்ற மென்பொருளைத் தமிழ்நாட்டின் கல்லூரி நூலகங்கள் பல பயன்படுத்துகின்றன. தீர்மானித்த தலைப்புகளையும் அவற்றின் மாற்றுப்பெயர்களையும் சேர்த்துவைக்கும் கோப்பு அதில் உள்ளது. சொற்களின் விகுதியை நீக்கி அடிச்சொல்லைக் காணும் கட்டற்ற நிரல்களின் தொகுப்பான ஸ்னோபாலில் தமிழுக்கான நிரலும் இடம்பெற்றிருக்கிறது. இவற்றைப் பொருத்தி, பழைய பதிவுகளை ஒரே குறியீட்டுக்கு மாற்றி, தமிழ் நூலகங்கள் அனைத்தும் பகிர்ந்துகொள்ளத்தக்க சொற்களஞ்சியத்தைக் கூட்டாக வளர்ப்பதே இனி ஆகவேண்டிய பணி.

அந்தப் பணியைத் தொடங்குவதற்குப் பெரிய திட்டமோ நிதியோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாசகர்கள் தட்டச்சு செய்த தேடல் சொற்களைப் பட்டியல் மென்பொருளில் சேமித்துவைக்க முடியும். யார் தேடினார் என்பதை நீக்கிவிட்டு, விடையே கிடைக்காத, அல்லது மிகச் சில விடைகளே கிடைத்த சொற்களை மட்டும் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால், நூலகத்தின் சொல்லும் மக்களின் சொல்லும் எங்கெங்கே சந்திக்கவில்லை என்பது அப்படியே தெரிந்துவிடும். வாசகரின் நேரத்தைச் சேமிப்பதை நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாக ரங்கநாதன் 1931-இல் சென்னையிலிருந்து வெளியிட்டார். அந்த விதியை நடைமுறையாக்க இதைவிட எளிய வழி இல்லை. அந்த வாரப் பட்டியலில் ‘கண்மாய்’ என்ற சொல் இருக்கும். நூலகர் ஏரி என்னும் தலைப்பைத் திறந்து, அதன் மாற்றுப்பெயர்களில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், அடுத்து வரும் சிவகங்கை மாணவருக்கு அந்த அடுக்கில் உள்ள எல்லா நூல்களும் கிடைக்கும்.